ஏ9 வீதியில் இரண்டு பையன்கள்

இரண்டு பையன்கள், ஒரு வாகனம், ஒரே ஓர் இரவு. ஆணுக்கு ஆண்மீது வருகிற முதற்காதலைச் சொல்லப் புறப்படும் குறும்படங்கள் பல நாடுகளிலும் விரும்பி எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது. ஊரைவிட்டு வெளிக்கிடுவார்கள். பெற்றோல் ஷெட்டில் ஒரு பகிடி. எங்காவது நிறுத்தி ஒரே சிகரெட்டை இருவரும் மாறி மாறி இழுப்பார்கள். ஒருவன் எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கிவிடுவான். விடிகிற நேரம் ஒரு தொடுகை, அல்லது ஒரு பிரிவு. பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கேலி செய்வது சுலபம். ஆனால் இந்த அமைப்பு நிலைத்து நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. இரண்டு நடிகர்கள் போதும். பயணம் என்பதால் கதைக்குத் தொடக்கமும் முடிவும் தாமாகவே வந்து சேர்கின்றன. ஒரு பதின்ம வயதுப் பையன் தான் யாரென்று கண்டுகொள்வது முழுக்க உள்ளே நடக்கிற காரியம்; கமராவுக்கு அங்கே வேலை இல்லை. வாகனம் ஓடத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரிகிற ஓர் அசைவாவது கிடைத்துவிடுகிறது. நான் கேட்க நினைப்பது வேறு. இதே அமைப்பைக் கொண்டுவந்து இலங்கையின் வடக்கே, வன்னியில், வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையிலான ஏ9 வீதியில் வைத்தால் எது நிற்கும், எது உடையும்? வன்னியில் இன்று படமெடுக்க ஆசைப்படுகிற இளைஞரிடம் இரவில் ஓரளவு படம் பிடிக்கக்கூடிய கைப்பேசி இருக்கிறது, உலகப் படங்களைப் பார்க்க வழியும் இருக்கிறது. அவர் இந்த அமைப்பைக் கடன் வாங்குவதற்கு முன் கடனின் நிபந்தனைகளைப் பார்த்துவிடுவது நல்லது.

மூலங்களில் ஒன்று, கஸ் வான் சான்ட் 1991இல் எடுத்த 'மை ஓன் பிரைவேட் ஐடஹோ'. அதில் மைக்கும் ஸ்கொட்டும் போவது மோட்டார் சைக்கிளில். வண்டி நின்றுவிடுகிறது; வெட்டவெளியில் நெருப்பு மூட்டி இருக்கிறார்கள்; மைக் தன் காதலைச் சொல்கிறான். மைக்காக நடித்த ரிவர் ஃபீனிக்ஸ் அந்தக் காட்சியைத் தானே திருத்தி எழுதினார் என்பது அந்தப் படத்தைப் பற்றி அதிகம் பேசப்படும் செய்தி. காட்சி அழகானதுதான். அதைவிட முக்கியம், அந்தப் படத்துக்குத் தன் இரண்டு பையன்களும் சமமானவர்கள் அல்ல என்று தெரிந்திருப்பது. ஸ்கொட் மேயரின் மகன். தகப்பனின் சொத்து கைக்கு வந்ததும் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவான். மைக்குக்குத் திரும்பிப் போக வீடே கிடையாது. ஒரே வண்டியில் ஏறியதால் இருவரும் ஒன்றாகிவிடவில்லை.

இன்னொன்று, அல்ஃபோன்சோ குவாரோனின் 'இ து மாமா தம்பியென்' (2001). இரண்டு மெக்சிக்கோப் பையன்கள், தங்களைவிட மூத்த ஒரு பெண், கடற்கரை தேடிப் போகும் கார். அந்தப் படத்தில் ஒரு குரல் அடிக்கடி கதையை நிறுத்திவிட்டு வேறு எதையோ சொல்லும். வீதியில் அடிபட்டுக் கிடந்த கட்டடத் தொழிலாளி, மேம்பாலம் மிகத் தள்ளி இருந்ததால் குறுக்கே கடக்க முயன்றவன் என்று சொல்லும். பையன்கள் காருக்குள் சிரித்துக்கொண்டிருக்க, கமரா யன்னலுக்கு வெளியே சாலையோரச் சோதனைகளைப் பார்க்கும். கடைசியில் அந்த இரு நண்பர்களும் ஓர் இரவு சேர்ந்திருந்த பிறகு ஒருவரையொருவர் சந்திப்பதையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாத நாட்டை அந்த வீதி அறிந்திருக்கிறது. இவற்றைப் பார்த்து எடுக்கப்படும் குறும்படங்களில் நான் காணும் முதற்குறை இங்கேதான்: முத்தத்தை எடுத்துக்கொண்டு வீதியை விட்டுவிடுகிறார்கள்.

தமிழ் சினிமாவுக்கும் இந்த நிலம் புதிதல்ல. வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) கிராமத்திலிருந்து ஓடிப்போகும் மூன்று இளைஞர்களின் பயணப்படம். அதில் வரும் ஆண் இணையருக்கு ஊடலும் பொறாமையும் உண்டு, எல்லாம் சிரிப்புக்குள். ஆனால் அந்த இணையர் கோவாவில் இருக்கிறார்கள். புறப்பட்ட ஊரில் அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்ற எண்ணம் படத்துக்கு வருவதில்லை. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024) இன்னும் சுவாரசியமான உதாரணம். தஞ்சாவூர்ப் பக்கத்து இரவொன்றில் இரண்டு ஆண்கள் விடிய விடியப் பேசுகிறார்கள், குடிக்கிறார்கள், அழுகிறார்கள், ஒருவன் மற்றவனைத் தாங்குகிறான். சனம் கண்ணீரோடு பார்த்தது. அங்கே இருப்பது சொந்தக்கார அன்பு. அதைக் காதலாக வாசிக்கச் சொல்லி நான் வம்பு வளர்க்கவில்லை. இரண்டு ஆண்களின் கனிவை ஓர் இரவு முழுக்கப் பார்த்திருக்கத் தமிழ்ப் பார்வையாளருக்குப் பொறுமை உண்டு என்பதற்கு அது சாட்சி. உறவுமுறை ஒன்று மேலே எழுதப்பட்டிருந்தால் போதும். குறும்படக்காரர் கவனிக்க வேண்டியது அதைத்தான்: 'மச்சான்' என்ற ஒரு விளிக்குள் எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் அது போதாமல் போகிறது.

இலங்கையில் விசாகேச சந்திரசேகரம் 2014இல் 'பிராஞ்சிபானி' என்று வெளியில் அறியப்பட்ட சிங்களப் படத்தில் இரண்டு இளைஞர்களின் காதலை மறைக்காமல் சொன்னார். அதே இயக்குநர் 2023இல் தமிழில் 'மணல்' எடுத்தார். தடுப்பிலிருந்து வெளியே வந்த முன்னாள் போராளி ஒருவன் காணாமற்போன தன் காதலியைத் தேடும் கதை. ரொட்டர்டாம் விழாவில் நடுவர்களின் சிறப்பு விருது பெற்றது. ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தாலும் இரண்டும் வேறு வேறு உலகங்கள். ஆணை நேசிக்கும் ஆண் தெற்கில் இருக்கிறான், போர் வடக்கில் இருக்கிறது.

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' (1994) நாவல் இன்னும் நெருங்கி வருகிறது. ஆர்ஜி கொழும்பில் வளர்கிறான். கொழும்பிலேயே சேஹானைக் காதலிக்கிறான். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கனடா போகிறான். வடக்குக்குப் போகிற வழி அந்த நாவலில் இன்னொருத்திக்கானது. சிங்களவன் ஒருவனை விரும்பிய ராதாவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறார்கள், திரும்பி வரும் ரயிலில் அவள் தாக்கப்படுகிறாள், அத்தோடு அந்தக் காதலும் முடிகிறது. சிறுவனின் காதல் பாடத்தில் முதல் அடி அந்தப் பாதையில்தான் விழுகிறது. 2020இல் தீபா மேத்தா இதைப் படமாக்கியபோது, நடித்தவர்களில் பலர் தமிழரல்லர், பேசிய தமிழும் நம் தமிழல்ல என்று ஈழத்தமிழர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது. இருட்டில் இரண்டு குரல்கள் மட்டும் கேட்கப்போகிற படத்துக்கு அது பத்து மடங்கு பொருந்தும். முகம் தெரியாத இடத்தில் பேச்சு பிசகினால் படமே இல்லை.

இனி வீதிக்கு வருவோம்.

அமெரிக்கப் பயணப்படத்தில் வீதி என்பது உன்னை யாருக்கும் தெரியாத இடம். கார் என்பது சக்கரம் பூட்டிய அறை. வன்னியில் இரண்டுமே தலைகீழ். ஏ9 என்பது 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி அடைபட்ட வீதி. திறந்திருந்த காலத்திலும் ஓமந்தையில் ஆமியின் சாவடியில் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, யாருக்கும் சொந்தமில்லாத துண்டு நிலத்தைக் கடந்து, அந்தப் பக்கத்தில் புலிகளின் சாவடியில் மறுபடியும் நிற்க வேண்டியிருந்தது. வன்னியை விட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ் வேண்டியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் வவுனியாவில் தங்க ஆமியின் பாஸும் வேண்டியிருந்தது. 'எங்கயிருந்து வாறியள், எங்க போறியள், ஆர் இது' என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திராமல் அந்த வீதியில் எவரும் பயணித்ததில்லை. இப்போது காப்பெற் வீதி, பாஸ் வேண்டாம். ஆனாலும் நள்ளிரவில் இரண்டு பெடியள் ஒரு மோட்டார் சைக்கிளில் போனால் மணல் ஏத்துறவங்களோ, கசிப்புக்காரரோ, தூள் கொண்டுபோறவங்களோ என்று பொலிஸ் மறிக்கும். முல்லைத்தீவுப் பக்கம் உள்வீதிகளில் ஆமியின் சென்ரி இன்னும் இருக்கிறது.

ஆகவே இரவு இங்கே விடுதலை தராது, சந்தேகத்தைத் தரும். பகலோ மறைவு தருகிறது! ஓர் ஆணும் பெண்ணும் மோட்டார் சைக்கிளில் போனால் சந்திக்குச் சந்தி கண்கள் திரும்பும்; இரண்டு ஆண்கள் நெருங்கியிருந்து போனால் எவரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. பின்னால் இருப்பவன் முன்னவனின் தோளில் நாடியை வைத்துக்கொண்டு கதைக்கலாம், இடுப்பில் கை வைக்கலாம், கிளிநொச்சி டிப்போச் சந்தியில் நட்டநடு மத்தியானத்தில். கடன் வாங்கிய அமைப்பு இருட்டைச் சுதந்திரமாகவும் வெளிச்சத்தைத் தண்டனையாகவும் வைத்திருக்கிறது. அதை அப்படியே வன்னியில் நட்டால் படம் பொய் சொல்லத் தொடங்கும். பகலில் எல்லோர் கண்முன்னும் இருந்த நெருக்கம், இரவில் பொலிஸ்காரரின் ரோச் வெளிச்சத்தில் திடீரென்று விளக்கம் கேட்கப்படும் பொருளாக மாறுவது: வன்னிக்குரிய நாடகம் அங்கே இருக்கிறது.

அதை எப்படிக் காட்டலாம்? ஒருவனைத் தள்ளிக் கொண்டுபோய் வைத்துக் கேட்கிறார்கள். மற்றவனை இந்தப் பக்கம் கேட்கிறார்கள். 'கிளிநொச்சி ஆசுப்பத்திரியில மாமா நிக்கிறார்' என்று இருவரும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும். எந்த மாமா, எந்த வார்டு? பொய் பொருந்திவிட்டால், இதற்கு முன்பும் இவர்கள் சேர்ந்து பொய் சொல்லிப் பழகியவர்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. முத்தம் தேவையில்லை. பொருந்தாவிட்டால் கதை வேறு திசையில் போகும். எப்படியானாலும் சில நிமிடக் காட்சியில் காதல், பயம், பழக்கம், அரசு எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. பதினைந்து நிமிடப் படத்தில் இதைவிடச் செறிவான இடம் எனக்குத் தோன்றவில்லை.

இருட்டைப் பற்றி இன்னும் ஒன்று. இந்தவகைப் படங்கள் பெரும்பாலும் விடியலில் முடிகின்றன. விடிந்ததும் காதலும் கலைகிறது. விழாக்களில் இது கவித்துவம் எனப் பாராட்டப்படும். ஊரில் பார்க்கிறவர்களுக்கு அது தரும் செய்தி, 'ஏதோ ஒரு ராவு, விட்டுத்தள்ளு' என்பதுதான். பாரி ஜென்கின்ஸின் 'மூன்லைட்' (2016) இந்தப் பொறியில் விழவில்லை. மூன்றாம் பகுதியில் வளர்ந்துவிட்ட நாயகன் அட்லாண்டாவிலிருந்து மயாமிக்குக் கார் ஓட்டி வருகிறான். இயக்குநர் அந்த ஓட்டத்தைச் சுருக்கிவிட்டு, வந்து சேர்ந்த உணவுக்கடையில் கெவின் அவனுக்குச் சமைத்துப் பரிமாறுவதில் தாராளமாக நேரம் செலவிடுகிறார். பயணம் அந்தச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து விடும் வழி மட்டுமே. வன்னிப் படத்திலும் காலைச் சாப்பாடு இருக்கட்டும். விடிந்த பிறகு இந்த இருவரும் ஒரு கடையில் ரொட்டியும் சம்பலும் தின்கிற காட்சியை எழுத முடியாதென்றால், இரவில் எழுதியதிலும் ஏதோ குறை இருக்கிறது.

போரின் சின்னங்களும் ஒரு பெரிய சோதனை. கிளிநொச்சியில் சரிந்து விழுந்த நீர்த்தாங்கி, தலையில்லாப் பனைகள், வட்டுவாகல் பாலம். நாயகன் மனம் உடைந்து நிற்க ஒரு பின்னணி வேண்டும், கமராவைத் திருப்பினால் கிடைக்கிறது. இதைச் சோம்பல் என்பேன். குவாரோனின் வீதியில் இறந்தவனுக்கு ஒரு பெயர் இருந்தது, அவன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்ற தகவல் இருந்தது. நாயகனின் சோகத்துக்கு அவன் அலங்காரமாக்கப்படவில்லை. போர் முடிந்த 2009இல் நான்கைந்து வயதாயிருந்த வன்னிப் பிள்ளைகள் இன்று இருபது வயதைத் தாண்டியவர்கள். சண்டையைவிட அவர்களில் பலருக்கு நினைவிருப்பது மெனிக் பாம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை அடைத்துவைத்த கூடாரங்கள், கடைசியாக 2012 செப்டெம்பரில் மூடப்பட்டவை. ஒரு கூடாரத்துக்குள் பல குடும்பம், குளிக்க வரிசை, கக்கூசுக்கு வரிசை, நடுவில் தடுப்பென்று ஒரு சேலை. கதவு என்ற ஒன்றே இல்லாமல் குழந்தைப்பருவத்தைக் கழித்தவனுக்கு 'தனியே இருக்க ஓரிடம்' என்பது அமெரிக்கப் பையனின் கார் ஆசையைவிட வேறு கனம் கொண்டது. போர் இந்தக் கதைக்குள் வரவேண்டிய வாசல் இதுதான்.

வீட்டின் கதைக்கும் இப்படியே. இந்தப் படங்களில் வீடு என்றால் சிறை, கண்டிப்பான தகப்பன், உடைத்துக்கொண்டு ஓட வேண்டிய இடம். கைப்பேசியை அணைத்துவிடுவது சுதந்திரத்தின் முதற்செயல். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் கந்தசாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கத் தொடங்கிய போராட்டத்தை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். மூத்தவனின் படத்தை மடியில் வைத்திருக்கும் ஒரு தாயின் இளையவன் இரவு வீட்டுக்கு வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. அவளுக்கு அது கோபத்துக்குரிய விஷயமே அல்ல. முன்பும் ஒருவன் இப்படித்தான் வராமல் போனான். அந்த வீட்டில் இளையவன் கலியாணம் கட்டுவது வெறும் ஊர் வழக்கம் மட்டுமில்லை. மிஞ்சியிருப்பவனைக் கொண்டு வீட்டை மறுபடி எழுப்பும் முயற்சி. அவன் மறுப்பதை எழுதுகிறவர் அவனுடைய உரிமையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது, தாயையும் வில்லியாக்கக் கூடாது. நான் எழுதுவதாயிருந்தால் போனை அணைக்க விடமாட்டேன். 'தம்பி, எங்க நிக்கிறாய்?' என்ற கேள்வி படம் முழுக்க வந்துகொண்டிருக்கட்டும். அவன் ஒவ்வொரு தடவையும் எடுத்து, இருக்கிற இடத்தைச் சரியாகச் சொல்லட்டும்: 'மாங்குளம் தாண்டிட்டன் அம்மா.' யாரோடு என்பதை மட்டும் சொல்லாமல் விடட்டும்.

இன்னொரு இயல்பான இரவுப் பயணம் நம்மிடம் உண்டு. கட்டுநாயக்காவில் இறங்கும் வெளிநாட்டு உறவுகளை ஏற்றிக்கொண்டு ராவோடு ராவாக வடக்கே வரும் வான். ரொறொன்ரோவில் வளர்ந்த மச்சான் ஒருவன், வான் ஓட்டும் ஊர்ப்பையன் ஒருவன்; உடனே ஒரு கதை முளைக்கிறது. முளைக்கிற கதை அநேகமாகப் பிழையான கதை. வெளிநாட்டுக்காரன் துணிச்சலைக் கொண்டுவருவான், ஊர்க்காரன் கற்றுக்கொள்வான், இரண்டு கிழமையில் ஒருவன் விமானம் ஏறிவிடுவான். ஐடஹோவின் ஸ்கொட் இங்கே வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து நிற்கிறான். வான்காரப் பையனுக்கு முன்பே ஒரு வாழ்க்கை இருந்தது, இந்த விஷயத்தில் விருந்தாளியைவிட அவனுக்கு அனுபவமும் கூட என்று எழுதினால் படம் பிழைக்கும். வெளிநாட்டுப் பணத்தில் எடுக்கப்படும் படங்களில் அந்தப் பக்கம் சாய்வதற்கு மனம் வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

பெண்ணுக்கு இந்த அமைப்பு அறவே உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகள் இரவு பன்னிரண்டு மணிக்கு ஏ9இல் மோட்டார் சைக்கிளில் போகிற படத்தில் பார்வையாளர் காதலைப் பற்றி யோசிக்கவே மாட்டார்; அவர்களுக்கு என்ன நேருமோ என்ற பயம்தான் மிஞ்சும்.

இரவுதான் வேண்டுமென்றால், இரவில் வெளியே இருப்பதற்குக் காரணம் கேட்கப்படாத இரவுகள் வன்னியில் இருக்கின்றன. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். கடல்நீரில் விளக்கெரியும் கோயில்; நடந்தும் வாகனத்திலும் விடிய விடிய சனம் போகும். அந்த ஒரு ராத்திரி முள்ளியவளை வீதியில் எந்த இரண்டு பெடியளும் எங்கேயும் நிற்கலாம். வயற்காவல் இன்னொன்று: யானைக்கும் பன்றிக்கும் விழித்திருக்கும் கொட்டில்கள், இரண்டு பேர் முறை வைத்துத் தூங்குகிற இடம். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோலுக்காக இளைஞர்கள் மோட்டார் சைக்கிளோடு வரிசையில் படுத்துக் கிடந்தார்களே, அது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. நகராத வாகனங்களில் ஒரு பயணப்படம்! படப்பிடிப்புக்கும் வசதி: ஷெட்டின் வெளிச்சம் இருக்கிறது, இயந்திரச் சத்தம் இல்லை, குரல் துல்லியமாகப் பதிவாகும். ஓடுகிற மோட்டார் சைக்கிளில் காற்றிரைச்சலுக்கு மேலே உரையாடல் எடுப்பது எவ்வளவு கரைச்சல் என்று முயன்றவருக்குத் தெரியும். பிறகு ஒலிக்கூடத்தில் பேசிச் சேர்த்தால் அந்தரங்கம் முழுக்கச் செத்துவிடும். வீதிதான் வேண்டுமென்று நிற்பவர் முறிகண்டியில் நிறுத்தட்டும். எந்த வாகனமும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க அங்கே நிற்கும், கச்சான் கடைகளில் வெளிச்சம் உண்டு, பேச்சுக்கும் இடமுண்டு.

கடைசியாக, படம் எடுத்த பிறகு நடப்பது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995 திருத்தம் ஆண்களுக்கென்றிருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் விரித்தது. அவற்றை மாற்ற வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர்நீதிமன்றம் தீர்மானித்தும் பாராளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. படமெடுப்பதை இந்தப் பிரிவுகள் தடுக்கவில்லை. ஆனால் பொதுவில் திரையிடத் தணிக்கைச் சபையின் அனுமதி வேண்டும். 2015 முதல் நடந்துவரும் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா போன்ற இடங்கள் இருக்கின்றன. அங்கே பார்க்கிறவர்கள் விவாதிக்க வந்தவர்கள். யூடியூப்பில் ஏற்றினால் கதை வேறு. விருது இயக்குநருக்குப் போகும், பணம் போட்டவர் கனடாவில் இருப்பார். நடித்த பையன் அடுத்த நாள் பரந்தன் சந்தியில் கடைக்குப் போக வேண்டும். 'நீதானே அதில நடிச்சனீ' என்று கேட்பவர்களுக்கு அவன் பதில் வைத்திருக்க வேண்டும். தங்கையின் கலியாணப் பேச்சு வரை அது தொடரும். இந்த அமைப்பைக் கையில் எடுக்கிற இயக்குநர் படப்பிடிப்புக்கு முன்பே நடிகரோடு இருந்து, படம் எங்கே காட்டப்படும், எங்கே காட்டப்படாது, இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னால் எடுக்கப்படுமா என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முகத்தை இருட்டில் வைக்கிற ஒளிப்பதிவு முடிவைக்கூட அழகுக்காக இல்லாமல் அந்தப் பையனிடம் கேட்டு எடுக்கலாம். அவன் முகம் தெரியட்டும் என்று சொன்னால் தெரியும்படி எடுக்க வேண்டியதுதான்.